கோடம்பாக்கம் போகாமல் வந்த பாட்டு



"ராப்பெல்லாம் ஒரு பாட்டாடா? வாயில வெத்தலையைப் போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி கடகடன்னு என்னத்தையோ சொல்றான். நம்ம ஊருக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" இந்தக் கேள்வியை ஹாஸ்டலிலும் கேட்டாயிற்று, பஸ் ஸ்டாண்டிலும் கேட்டாயிற்று. கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நின்றபடி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை. ஆண்டு மலரில் சில பக்கம் தருகிறோம் என்று யூனியன் நண்பர்கள் சொன்னதும், சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சொல்லப்போவது மூன்று மலேசியத் தமிழர்களைப் பற்றி. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் இவர்கள் 2006-ல் 'வல்லவன்' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். (அதே வருஷம் சிம்பு நடித்து வந்த 'வல்லவன்' படம் வேறு. தயவுசெய்து குழப்பிக்கொள்ள வேண்டாம்!) நான் பிறப்பதற்கு முன்பே வந்த ஆல்பம் அது. எங்கள் தெரு அண்ணன்மார்கள் மெமரி கார்டில் ஏற்றி வைத்திருந்து, செல்போனில் சத்தமாக வைத்துக்கொண்டு போவார்கள். அப்படித்தான் என் காதில் விழுந்தது. அந்தக் குழுவின் கதையில் நம்மைப் போன்ற டிப்ளமோ பசங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்களும் ஸ்பானிஷ் பேசும் மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி. அங்கே 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். எதற்குத் தெரியுமா? பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும்! பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் டிக்கெட். அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து வந்தவன், இசைத்தட்டுகளை ஓடவிட்டான். ஒரு பாட்டில் ஆட்டத்துக்கு உகந்த தாளப் பகுதி சில விநாடிகள்தான் வரும். அதை நீட்டுவதற்காக ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் மாற்றி மாற்றி ஓட்டுவது அவனுடைய வித்தை. அந்தத் தாளத்தின் மேல் மைக் பிடித்துப் பேசியதுதான் பிறகு ராப் ஆயிற்று. ஸ்கூல் துணி வாங்கப் போட்ட கச்சேரியிலிருந்து ஒரு கலையே கிளம்பியிருக்கிறது, பாருங்கள்.

இங்கே எலெக்ட்ரிகல் துறை நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து 'கீச் கீச்' என்று ஒரு சத்தம் கொண்டுவருகிறார்களே, அது எல்லா பிளேயரிலும் நடக்காது. பெல்ட்டில் ஓடுகிற பிளேயரில் தட்டை நிறுத்தி விட்டால், நம்ம ஊர் மாவு மில்லில் பெல்ட் வழுக்குகிற மாதிரி வழுக்கி, மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். ஜப்பானின் மாட்சுஷிடா கம்பெனி 1972-ல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. அதில் பெல்ட்டே கிடையாது. மோட்டாரின் அச்சு நேராகத் தட்டோடு சேர்ந்திருக்கும். கையை எடுத்த மறுகணம் பழைய வேகத்துக்கு வந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து சங்கீதம் கேட்பவர்களுக்காகச் செய்த மெஷின் அது. பிராங்க்ஸ் பையன்கள் அதை வாத்தியமாக்கினார்கள்!

அந்தப் பையன்களில் ஒருவர் பெயர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். இவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் படித்தது சாமுவேல் கோம்பர்ஸ் தொழிற்கல்விப் பள்ளி. எலெக்ட்ரானிக்ஸ்! அதாவது நம்ம ஆள்! ஒரு தட்டு ஸ்பீக்கரில் ஓடும்போதே அடுத்த தட்டை ஹெட்போனில் தான் மட்டும் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு ஸ்விட்ச் ஏற்பாட்டை அவரே செய்துகொண்டார். அவரும் ஃப்யூரியஸ் ஃபைவ் என்ற ஐந்து பேரும் சேர்ந்த குழு 1982-ல் 'தி மெசேஜ்' என்ற பாட்டை வெளியிட்டது. குப்பையும் கடனும் வேலையில்லாத் திண்டாட்டமுமாக இருந்த தங்கள் தெருவைப் பற்றிய பாட்டு. அதுவரை பார்ட்டிக்காக இருந்த ராப், வீட்டு நிலைமையையும் பேசலாம் என்று காட்டியது அந்தப் பாட்டுதான். 2007-ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுக்கப்பட்ட முதல் ஹிப் ஹாப் குழுவும் இவர்களே. வயர் சொருகக் கற்றவன் எங்கே போய் நின்றான் பாருங்கள்.

சரி, நியூயார்க்கில் இருந்தது கோலாலம்பூருக்கு எப்படிப் போனது? கேசட், டி.வி. வழியாக உலகம் முழுக்கப் போன மாதிரி அங்கேயும் போனது. 1990-களில் அங்கே பொயட்டிக் அம்மோ என்று ஒரு குழு உருவானது. யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி லோகோ என்ற நால்வர். 1998-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், சீனர்களின் கான்டனீஸ் என்று நான்கு மொழி இருந்தது. ஒரே குழுவுக்குள் நான்கு மொழி என்றால் நமக்கு வேடிக்கையாக இருக்கும். கோலாலம்பூர் தெருவில் ஒரு டீக்கடைக்குப் போனால் அதுதான் சாதாரணம் என்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம ஊர் சரித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். மலேசியத் தமிழர் என்றதும் யாரோ என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துக் கப்பலேற்றிய மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. நம் திருவண்ணாமலை 1989-ல் தனி மாவட்டம் ஆகும்வரை அந்த வட ஆற்காட்டில்தானே இருந்தது? 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்க பாட்டிக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருத்தர் அப்படிப் போனவர்தான். "மலாயாவுக்குப் போனாரு, போனவரு போனவருதான்" என்பாள் பாட்டி. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 1980, 90-களில், தோட்டங்கள் துண்டு துண்டாகி வீட்டுமனையாகவும் வேறு எதுவாகவும் மாற, நிறையக் குடும்பங்கள் லயத்து வீட்டை விட்டு நகரத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. அந்த நகரத்து ஓரங்களில் வளர்ந்த தலைமுறைதான் ராப்பைக் கையில் எடுத்தது. பிராங்க்ஸுக்கும் கோலாலம்பூருக்கும் உள்ள ஒற்றுமை தொப்பியிலும் தொளதொள பேண்ட்டிலும் இல்லை, இதில்தான் இருக்கிறது.

இப்போது 'வல்லவன்' விஷயத்துக்கு வருகிறேன். யோகி பி, நட்சத்ராவின் இரண்டு பேரோடு சேர்ந்து முழுக்கத் தமிழில் ஒரு ஹிப் ஹாப் ஆல்பம் கொண்டுவந்தார். தமிழில் ராப் அதற்கு முன்பு இல்லையா என்றால், இருந்தது. 1994-ல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்து தமிழ்நாடே ஆடியது. 2002-ல் 'பாபா'வில் பிளாசி பாடினார். ஆனால் இவையெல்லாம் படத்துக்காகச் செய்தவை. கதாநாயகன் ஆட வேண்டும், அதற்கு ஒரு தினுசு வேண்டும், அவ்வளவே. 'வல்லவன்' ஆல்பத்துக்குக் கதாநாயகனும் இல்லை, இயக்குநரும் இல்லை. பாடியவர்களே எழுதினார்கள். எழுதியவர்களே பாடினார்கள். தங்கள் பெயரிலேயே பேசினார்கள்.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது 'மடை திறந்து'. 1980-ல் பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பாட்டை அடித்தளமாக வைத்து, அதன் மேல் இவர்கள் ராப் கட்டினார்கள். இதற்கு அவர்கள் பாஷையில் சாம்ப்ளிங் என்று பெயர். (நாம் கம்யூனிகேஷன் பேப்பரில் எழுதுகிற சாம்ப்ளிங் வேறு. அதில் எனக்கு வந்த மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) "பழைய பாட்டைத் திருடிட்டான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தில் அது யாருடைய பாட்டு என்று யோசித்துப் பாருங்கள். இசையமைப்பாளன் ஆக வேண்டும் என்று சான்ஸ் தேடி அலைகிற ஒரு ஏழைப் பையனின் பாட்டு. சினிமாக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தவன் காணும் கனவு அது. இருபத்தாறு வருஷம் கழித்து, கடல் கடந்து, சினிமாக் கதவையே தட்டாத மூன்று பேர் அதே பாட்டை எடுத்துத் தங்கள் சொந்தக் கதையைப் பாடுகிறார்கள். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களா, ராகம் பிடித்துப்போய் எடுத்தார்களா, அது அவர்களுக்கே வெளிச்சம். எனக்குக் கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் படுகிறது.

அவர்கள் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் பாஷையும் இல்லை, மேடைத்தமிழும் இல்லை. ஒரு வரியில் செந்தமிழ்ச் சொல் வரும், அடுத்ததில் இங்கிலீஷ் வரும், உச்சரிப்பு மலேசியாவுடையது. யோகி பியின் குரல் உடுக்கை மாதிரி அடி வயிற்றிலிருந்து வரும். நம்மில் எத்தனை பேர் இன்டர்வியூவுக்குப் போனால் ஊர்ப் பேச்சு வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறோம்? அந்தப் பேச்சையே மைக்கில் வைத்து இவர்கள் தலை நிமிர்ந்து நின்றார்கள். தற்பெருமை கொஞ்சம் அதிகம்தான். 'நான்தான் பெரியவன்' என்று சவால் விடுகிற வரிகள் எனக்குச் சில சமயம் அலுத்துப்போகும். ஆனால் ராப்பில் அது ஒரு சம்பிரதாயம் போலிருக்கிறது, நம்ம மல்யுத்தக்காரர்கள் தொடை தட்டுவது போல.

அப்புறம் என்ன ஆயிற்று? இங்கேதான் என் வருத்தம். தமிழ்நாடு அவர்களைக் கவனித்தது உண்மை. எப்படிக் கவனித்தது? சினிமாவுக்குக் கூப்பிட்டது! 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் பழைய 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் ரீமிக்ஸில் யோகி பி வந்தார். 2011-ல் 'ஆடுகளம்', 2017-ல் 'விவேகம்', 2018-ல் 'காலா'. பாட்டெல்லாம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். 'ஆடுகளம்' படத்து 'போர்க்களம்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு முழு ஆல்பம் முழுக்கத் தன் கதையைச் சொன்ன மனுஷன், இப்போது யாரோ ஒரு ஹீரோவின் கதைக்குக் குரல் கொடுக்கிறார். கூட இருந்த டாக்டர் பர்னையும் எம்சி ஜெஸையும் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? வகுப்பில் பத்துப் பேரைக் கேட்டேன். யோகி பியை ஏழு பேருக்குத் தெரிந்தது, மற்ற இருவரையும் ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

இது அவர்கள் தவறு இல்லை, நம்முடையது. பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்று நாம் பழகிவிட்டோம். நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விழாவில் பாட்டுப் போட்டி. என் சிநேகிதன் ஒருவன் தானே எழுதிய பாட்டோடு போனான். அவனுடைய அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர், பாட்டும் சூளையைப் பற்றித்தான். பெயர் எழுதிக்கொண்டவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் படம்?" படமில்லை சார், நானே எழுதினது என்றான். "அதெல்லாம் கணக்குல வராதுப்பா, ஏதாவது படப் பாட்டு ஒண்ணு சொல்லு" என்றார். அவனும் ஒரு படப் பாட்டைப் பாடி ஆறுதல் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கி வந்தான். சூளைப் பாட்டு அவன் நோட்டிலேயே கிடக்கிறது.

"இது நம்ம கலாச்சாரம் இல்லை" என்பவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். செய்யாறு பக்கம் புரிசையில் இன்றைக்கும் தெருக்கூத்து இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் வந்து என்ன செய்கிறான்? ராஜா வருவதை அறிவிக்கிறான், தாளத்தோடு பேசுகிறான், நடுவே ஊர் விவகாரத்தை இழுத்து நக்கல் அடிக்கிறான், ஒத்திகை இல்லாமல் வாய்க்கு வந்ததைக் கட்டுகிறான். ராப்காரனை எம்.சி. என்கிறார்களே, அதற்கு அர்த்தமும் நிகழ்ச்சியை நடத்துகிறவன் என்பதுதான்! காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடியக் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற லாவணியும் அப்படியே. அதைத்தான் நியூயார்க்கில் பேட்டில் என்கிறார்கள். இதெல்லாம் போகட்டும், அருணகிரிநாதர் எந்த ஊர்? நம்ம ஊர். கிளி கோபுரத்தைக் காட்டிக் கதை சொல்லாத பாட்டி இங்கே உண்டா? திருப்புகழை ஒரு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். சந்தம் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். மூச்சு விட இடம் தேட வேண்டும். பக்தி வேறு, ராப் வேறு, இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொல்லைத் தாளத்தில் அடுக்குகிற வேலை இந்த மண்ணுக்குப் புதிது இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

ராப்பில் வருகிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவும் இல்லை. ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் கொண்டுவந்தது பெரிய காரியம். இங்கிருந்தே, சினிமா இல்லாமல், இரண்டு பையன்களால் முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அவர்களைப் பிரபலமாக்கிய 'கிளப்புல மப்புல' பாட்டைப் பற்றி எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: "குடிக்கிற பையனை விட்டுட்டுப் பொண்ணை மட்டும் திட்டறதுக்கு எதுக்குடா ராப்பு? அதுக்குத்தான் எங்க தெருவுல ஏற்கெனவே ஆள் இருக்கே!" என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது நியாயம். அந்த ஜோடியும் 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்து சினிமாவுக்குள் போய்விட்டது.

நல்ல உதாரணம் வேண்டுமானால் அரக்கோணத்து அறிவைச் சொல்வேன். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர். 2021-ல் பாடகி தீயோடு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' எந்தப் படத்திலும் வந்தது இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையை நினைத்து எழுதியது. அரக்கோணமும் பழைய வட ஆற்காடுதான் என்பதைக் கவனிக்கவும். ஒரு பக்கம் மலாயாத் தோட்டம், இன்னொரு பக்கம் இலங்கைத் தோட்டம், நடுவே நம்ம மாவட்டம். எங்க பாட்டி அந்தப் பாட்டை என் போனில் கேட்டுவிட்டு, "இது ஒப்பாரி மாதிரியும் இருக்கு, நடவுப் பாட்டு மாதிரியும் இருக்குது" என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை.

என் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். படிக்கப் போகும் பிள்ளைக்குப் பாட்டெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி. "நாலு காசு சம்பாதிக்கற வழியைப் பாரு" என்பார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. கேம்பஸில் வேலை கிடைத்தால் மறுநாளே ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ பஸ் ஏறத்தான் போகிறேன். ஆனால் மூட்டை தூக்குகிறபோது மில்லில் ஆட்கள் கணக்குச் சொல்லிக் குரல் கொடுப்பதை ஒரு நாள் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு தாளம் இருக்கிறது. அதன் மேல் பதினாறு வரி எழுதியும் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.

ஆகையால் அடுத்த யூனியனுக்கு என் கோரிக்கை இதுதான். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறோம், ஆடட்டும், நானும் கை தட்டுகிறேன். அதில் பதினைந்தே பதினைந்து நிமிடம், மாணவர்கள் தாங்களே எழுதிய பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். ராப்போ, கானாவோ, நடவுப் பாட்டோ, எதுவானாலும். இரண்டே நிபந்தனை: சொந்தமாக எழுதியிருக்க வேண்டும், யார் சாதியையும் எந்தப் பெண்ணையும் இழிவாகப் பேசக் கூடாது. மைக், ஸ்பீக்கர் வாடகை அதிகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எங்கள் துறைப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து சரிசெய்து தருகிறோம். அதில் ஹம் சத்தம் வருகிறது, ஃபில்டர் கெபாசிட்டர் மாற்றினால் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். செங்கல் சூளைப் பாட்டுக்காரன் பெயரை முதல் பெயராக எழுதிவிட்டேன். இரண்டாவது என்னுடையது. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிராயிங் ஹால் படிக்கட்டில் வந்து பெயர் கொடுக்கலாம். மாணவிகள் பெயர் இதுவரை ஒன்றுதான் வந்திருக்கிறது. கேள்வி கேட்டாளே, அவளுடையது.

— மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை